எட்டு மணி நேர பஸ்ஸும் வெண்பாவின் இட்லியும்

ஒரு பஸ் ஓட்ட வேண்டும். அமெரிக்காவில் டூசான் என்ற ஊரிலிருந்து லாஸ் வேகாஸ் வரை. வழி நெடுகப் பாலைவனம். மணிக்கு 45 மைலுக்கு மேல் வண்டி போகாது. எதிரில் ஒரு லாரி வராது. கைகாட்டி ஏற ஒரு ஆள் நிற்க மாட்டார். பஸ் லேசாக வலது பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், பட்டனை அமுக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகவும் வழியில்லை. நடுவில் நிறுத்தி வைக்கவும் முடியாது. கடிகாரப்படி எட்டு மணி நேரம் ஓட்டி ஊர் போய்ச் சேர்ந்தால் ஒரு பாயிண்ட் கிடைக்கும். பிறகு வந்த வழியே திரும்பலாம். அதற்கும் எட்டு மணி நேரம், அதற்கும் ஒரு பாயிண்ட்.

பென், டெல்லர் என்ற இரண்டு மேஜிக்காரர்கள் 1990களின் நடுவில் கேலிக்காகச் செய்த 'டெசர்ட் பஸ்' என்ற வீடியோ கேம் இது. அப்போது கடைக்கே வராமல் போனது. ஆனால் 2007 முதல் கனடாவில் ஒரு நண்பர் கூட்டம் ஆண்டுதோறும் இதை இரவு பகலாக முறை வைத்து ஓட்டுகிறது. அதைப் பார்க்கிறவர்கள் நோயுற்ற குழந்தைகளுக்காக நன்கொடை அனுப்புகிறார்கள். இதுவரை சேர்ந்தது பல மில்லியன் டாலர். உலகத்திலேயே அலுப்பான ஆட்டம் என்று பெயர் எடுத்த இதை மட்டமான ஆட்டம் என்று தள்ளிவிட முடியுமா?

சினிமா நம்மை அழவைக்கலாம். நாவல் நம் தூக்கத்தைக் கெடுக்கலாம். விளையாட்டு மட்டும் ஜாலியாக இருந்தே ஆக வேண்டும் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஜாலி இல்லையென்றால் ஆட்டம் எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஜாலி என்பது மூளைக்குள் ஒரே சரக்கு இல்லை என்று கடந்த முப்பது நாற்பது ஆண்டு ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடத்துக்குப் போகும் முன் நம் முத்துக் கடற்கரைக்கு ஒரு நடை போய் வரலாம்.

தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது கீழவைப்பார். முத்துக்குளித்துறையின் பழைய ஏழு ஊர்களை வடக்கிலிருந்து எண்ணினால் வேம்பாறுக்கு அடுத்து வைப்பாறுதான். இந்தக் கரையில் கடைசியாக முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது 1955-லிருந்து 1961 வரை. இப்போது சங்கு குளிப்பவர்கள் உண்டு, முத்துக்குப் போகிறவர் இல்லை.

சலாபத்தில் சிப்பி எப்படிக் கைமாறியது என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம். மன்னார் வளைகுடாவின் அந்தக் கரையில், இலங்கையின் மறிச்சுக்கட்டியில் 1906-ல் நடந்த சலாபத்தில் வேலை பார்த்த இளம் அதிகாரிகளில் ஒருவர், பின்னாளில் எழுத்தாளராக அறியப்பட்ட லெனார்ட் உல்ஃப். அங்கே குளித்தவர்கள் கொண்டுவந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு குவியல் சர்க்காருக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. சர்க்கார் பங்கை ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று அன்றைக்கே ஏலம் விடுவார்கள். அத்தனையும் மூடிய சிப்பி. உள்ளே முத்து இருக்கலாம், வெறும் சதை இருக்கலாம். திறந்து பார்த்து வாங்கும் வழக்கமே கிடையாது. குளித்தவர்கள் தம் பங்கைச் சில்லறையாகவும் விற்பார்கள். கையில் நாலு காசு வைத்திருப்பவரும் சில சிப்பி வாங்கி, அங்கேயே கத்தியால் நெம்பிப் பார்ப்பார். இது வியாபாரமா லாட்டரியா என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களே வியந்திருக்கிறார்கள்.

இப்போது போன் கேம்களில் காசு கட்டினால் ஒரு மூடிய பெட்டி வருகிறது. திறந்தால் துப்பாக்கிக்குப் பளபளக்கும் உறை கிடைக்கலாம், எதற்கும் உதவாத தொப்பியும் கிடைக்கலாம். பெல்ஜியம் நாடு 2018-ல் இதைச் சூதாட்டம் என்றே முடிவுகட்டித் தடுத்தது. சிப்பி ஏலத்துக்கும் இந்தப் பெட்டிக்கும் உள்ளே ஓடும் இயந்திரம் ஒன்றுதான்.

அந்த இயந்திரத்தைத் திறந்து காட்டியவர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ். குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களை அவர் ஒவ்வொன்றாகக் கவனித்தார். குரங்குக்கு ஒரு சொட்டு பழச்சாறு கொடுத்தால் அந்த அணுக்கள் படபடவென்று துடித்தன. சாறு வருவதற்கு முன்னால் ஒரு விளக்கு எரியும்படி சில நாள் பழக்கியதும் கதை மாறியது. விளக்கு எரியும்போதே துடிப்பு வந்தது. சாறு நாக்கில் விழும்போது ஒன்றும் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்துபோனது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் டோபமைன் கணக்கு எழுதுகிறது. 2003-ல் அவரும் கூட்டாளிகளும் இன்னொன்றையும் கண்டார்கள். சாறு கட்டாயம் வரும் என்றாலும் வரவே வராது என்றாலும், காத்திருக்கும் நேரத்தில் அணுக்கள் அமைதியாக இருக்கின்றன. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்னும்போதுதான் காத்திருப்பின் துடிப்பு உச்சத்துக்கு ஏறுகிறது. மூடிய சிப்பியைக் கையில் வைத்திருந்தவரின் நெஞ்சு ஏன் அப்படி அடித்தது என்பதற்கு இது நல்ல விளக்கம். தினமும் கடலுக்குப் போகும் குடும்பங்களுக்கு இது புதிதும் இல்லை. "இன்னைக்குப் பாடு எப்படி?" என்று கரையில் கேட்பதெல்லாம் இந்தக் கணக்கைத்தான்.

மனிதர்களிடமும் இது தெரிந்தது. 1998-ல் லண்டனில் எட்டு ஆண்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, திரையில் ஒரு டாங்கியை ஓட்டும் வீடியோ கேம் ஆடச் சொன்னார்கள். ஜெயித்தால் பணம். ஆடும்போது அவர்கள் மூளையின் உட்பகுதியில் டோபமைன் சுரப்பது கூடியது. செய்தித்தாள்கள் டோபமைனுக்கு இன்பச் சுரப்பு என்று பெயர் சூட்டிவிட்டன. அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது, தவறாக.

தவறு என்று காட்டியவை எலிகள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெர்ரிட்ஜ், எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுவதுமாக இல்லாமல் செய்தார். அந்த எலிகள் உணவைத் தேடிப் போகவில்லை. முன்னால் வைத்தாலும் வாய் வைக்கவில்லை. விட்டால் பட்டினி கிடந்து செத்திருக்கும். இன்பம் போய்விட்டது என்றுதானே தோன்றும்? அவர் அவற்றின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுவிட்டுப் பார்த்தார். எல்லா எலிகளையும் போலவே அவையும் உதட்டை நக்கிச் சுவைத்தன. பால்குடிக் குழந்தையின் நாக்கில் இனிப்புத் தடவினால் காட்டும் அதே முகபாவம். இனிப்பு அவற்றுக்கு இன்னும் இனித்தது. அதை நாடிப் போகும் உந்துதல்தான் செத்துப்போயிருந்தது. மறுபக்கமும் உண்டு: டோபமைனைக் கூட்டிவிட்டால் விலங்கு இன்னும் வெறியோடு தேடுகிறது, ஆனால் சுவைப்பது கூடுவதில்லை. இழுப்பு வேறு, இனிப்பு வேறு. இரண்டுக்கும் மூளையில் தனித்தனி ஏற்பாடு.

இதைப் பார்க்க எலி வேண்டியதில்லை. கீழவைப்பார்க் கரையில் ஏற்றிப்போட்ட ஃபைபர் படகு நிழலில் பையன்கள் போனோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் ஆடுவான், மற்றவர்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள். ஆடுகிறவன் முகத்தைக் கவனியுங்கள். புருவம் நெரிந்து, கீழுதடு பல்லுக்குள் மாட்டியிருக்கும். சுட்டுச் சாகடிக்கப்பட்டதும் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வரும். அது முடிவதற்குள் கட்டைவிரல் அடுத்த ஆட்டத்தைத் தட்டியிருக்கும். "ஏலே, எனக்குக் குடுல." "இரி மக்கா, இந்த ஒண்ணு." சிரிப்புச் சத்தம் முழுக்க சும்மா உட்கார்ந்து கேலி பேசுகிறவர்களிடமிருந்துதான் வரும்.

உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022-ல் நடப்புக்கு வந்தது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம், கேடு வந்தும் விடாமை. இவை சுமார் ஓராண்டு நீடிக்க வேண்டும். ஆடுகிறவர் சந்தோஷமாக ஆடுகிறாரா என்று மருத்துவர் கேட்க வேண்டியதே இல்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை நுழைய முடியாதபடி தமிழ்நாடு 2025-ல் விதி செய்ததும், அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய சட்டம் அப்படிப்பட்ட ஆட்டங்களையே தடைசெய்ததும் இந்த இழுப்பைக் குறிவைத்துத்தான்.

ஆக, "விடவே முடியலை, அவ்வளவு ஜாலி" என்று ஒருவர் சொன்னால் அவர் இரண்டு வேறு சங்கதிகளை ஒன்றாகப் போட்டுக் கட்டுகிறார். விடமுடியாததெல்லாம் இனிப்பதும் இல்லை, நல்லதும் இல்லை. சரி, இனிப்பு மட்டுமாவது நல்ல ஆட்டத்துக்குக் கட்டாயமா?

இங்கேதான் வெண்பா வருகிறாள். கனடாவில் டொரான்டோவிலிருந்து இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலை கடைசியில் வெளியிட்ட ஆட்டம் 'வெண்பா'. அபி என்ற தமிழர் வடிவமைத்தது. 1988-ல் தொடங்குகிறது கதை. வெண்பாவும் கணவன் பாவலனும் கனடாவுக்குக் குடியேறியவர்கள். அவளுக்கு உடம்பு சரியில்லை. இருந்தும் அவன் வேலைக்குக் கிளம்பும் முன் இட்லி அவிக்கப் பார்க்கிறாள். அம்மா எழுதிக் கொடுத்த சமையல் நோட்டு நைந்துபோய், முக்கியமான இடத்தில் எழுத்து அழிந்திருக்கிறது. அழிந்த வரியைக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டம். இட்லித் தட்டுகளை எந்த வாக்கில் அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் ஏறும்? புட்டுக்குழலில் எது முதலில், எது பிறகு? தப்பாகச் செய்தால் யாரும் சாகமாட்டார்கள்; திரும்பச் செய்யலாம். மதிப்பெண் இல்லை, கடிகாரம் இல்லை, எதிரி இல்லை. நம் வீட்டுச் சமையலறையில் நின்று பழகியவருக்கு இந்தப் புதிர்கள் கஷ்டமே இல்லை. இட்லிக் கொப்பரையைப் பார்த்தே இராத ஒரு வெளிநாட்டுக்காரர் அதற்கு முன்னால் திகைத்து நிற்பார். அவர் திகைப்பதற்கும் சேர்த்துத்தான் அந்தப் புதிர்.

ஆனால் சமையல் நடக்க நடக்க மகன் கவின் வளர்கிறான். டிபன் பாக்ஸில் அம்மா வைத்ததைப் பள்ளியில் திறக்கக் கூசுகிறான். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். ஒரு கட்டத்தில் அம்மா ஆசை ஆசையாய் ஆக்கிவைத்துக் காத்திருக்கிறாள்; ஆக்கியது நம் கைதான். அவளுக்காகக் கிண்டியவர்கள், தாளித்தவர்கள் நாம். சாப்பிட வரவேண்டியவன் வராதபோது நமக்கு வரும் கோபம் படம் பார்த்து வரும் கோபம் மாதிரி இல்லை. பிற்பாடு கவினே அந்த நோட்டைக் கையில் எடுத்து, தடுமாறித் தமிழ் வாசித்துச் சமைக்கும்போது, முன்பு நாம் சுலபமாக முடித்த வேலை அவன் கையில் கஷ்டமாகிவிடுகிறது.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, இதற்கு இவ்வளவு விலையா என்று சிலர் குறைப்பட்டார்கள். இதில் ஆட என்ன இருக்கிறது என்றும் கேட்டார்கள். 2024-ல் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும் பரிசும், அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதும் இதற்குத்தான் கிடைத்தன.

இந்த வகை அனுபவத்தை மேரி பெத் ஆலிவர் என்ற ஊடக உளவியலாளரின் குழு தனியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறது. 2016-ல் வெளியான அவர்களது ஆய்வில் வீடியோ கேம் ஆடுகிறவர்களில் சிலரிடம் ஜாலியான ஒரு ஆட்டத்தையும், மற்றவர்களிடம் மனதில் நின்ற ஒரு ஆட்டத்தையும் நினைவுகூரச் சொன்னார்கள். ரசித்து ஆடியது என்பதும், உள்ளே எதையோ அசைத்தது என்பதும் வெவ்வேறு வேரிலிருந்து வருவது தெரிந்தது. முதலாவது பெரும்பாலும் கை லாகவத்தைச் சார்ந்தது. இரண்டாவது கதையையும் மனிதர்களையும் சார்ந்தது.

நமக்கு இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. தவக்காலத்தில் கத்தோலிக்க ஊர்களில் பாஸ்கு நாடகம் நடக்கும். சிலுவை சுமந்து வருகிறவர் நேற்றுவரை நம்மோடு வலை இழுத்த பையன் என்று தெரிந்தும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். பாஸ்கு ஜாலியாக இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அரிச்சந்திரன் மயான காண்டமும் அப்படித்தான். விடிய விடிய உட்கார்ந்து அழுதுவிட்டு, அடுத்த வருஷமும் பாயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பால் ரோஸின் என்ற உளவியலாளர் மிளகாயின் எரிச்சலையும் சோகப் பாட்டையும் ஒரே வரிசையில் வைத்து ஆராய்ந்தவர். ஆபத்து இல்லை என்று அறிவுக்குத் தெரிந்திருக்கும்போது உடம்பு பதறுவதை மனிதர்கள் விரும்பியே தேடுகிறார்கள் என்பது அவர் கண்டது.

கூத்துக்கும் கேமுக்கும் ஒரு இடத்தில் மட்டும் பெரிய வேறுபாடு. மயான காண்டத்தில் வாளை ஓங்குவது அரிச்சந்திரன். நான் பார்க்கிறேன், பரிதவிக்கிறேன், ஆனால் பழி என்மேல் இல்லை. 2013-ல் லூகாஸ் போப் என்ற ஒரே ஆள் செய்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஆட்டத்தில் நீங்கள் ஒரு சர்வாதிகார நாட்டின் எல்லைச் சாவடி குமாஸ்தா. வரிசையில் வருகிறவர்களின் பாஸ்போர்ட்டை வாங்கி, தேதி, முத்திரை, பெயர் சரிபார்த்து, பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்துவது வேலை. சொல்லப்போனால் நம் தாலுகா ஆபீஸ் வேலைதான். எத்தனை பேரைச் சரியாக அனுப்பினீர்களோ அதற்குத்தான் சம்பளம். அது குறைந்தால் அன்று ராத்திரி வீட்டில் சூடு இருக்காது, மகனுக்கு மருந்து இருக்காது. அந்த நேரத்தில் ஒருவர் வருகிறார், அவர் தாள்கள் சரியாக இருக்கின்றன. பின்னால் நிற்கும் மனைவியின் தாளில் ஒரு குறை. திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று கெஞ்சுகிறாள். விட்டால் தண்டனைச் சீட்டு வரும். முத்திரை உங்கள் கையில்.

குற்ற உணர்ச்சி என்பதை இப்படிக் கைவழியாகத் தரக்கூடிய கலை வேறு ஏதும் எனக்குத் தெரியவில்லை. போலந்தில் செய்யப்பட்ட 'திஸ் வார் ஆஃப் மைன்' போரில் மாட்டிக்கொண்ட சாதாரண ஜனங்களைப் பற்றியது. 2014-ல் வெளிவந்த அதை அந்த நாட்டு அரசு 2020-ல் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலிலேயே சேர்த்தது. கொல்கத்தாவில் லீனா கெஜ்ரிவால் முன்னின்று 2016-ல் கொண்டுவந்த 'மிஸ்ஸிங்' ஆட்டத்தில் ஆடுகிறவர் கடத்தி விற்கப்பட்ட ஒரு பெண்ணாக இருந்து தப்பிக்க வழி தேட வேண்டும். இவற்றில் எதையும் ஜாலி என்று சொல்கிறவரோடு எனக்குப் பேச்சில்லை.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அலுப்புத் தட்டுவதெல்லாம் ஆழம் என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல கருத்தை வைத்துக்கொண்டு மட்டமாகச் செய்த ஆட்டங்கள் ஏராளம். சுகாதாரம் பற்றி, மரம் நடுவது பற்றி, கேள்வி கேட்டுச் சரியான விடைக்கு நட்சத்திரம் கொடுக்கும் கேம்களைப் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் மூடிவிடுகிறார்கள். அவர்கள் செய்வது சரி. அங்கே ஆடுகிறவர் செய்வதற்கும் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை. 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' அலுப்பான வேலையைத் தருகிறது. அந்த அலுப்பில்தான் ஒரு குமாஸ்தா எப்படிக் கல்நெஞ்சு ஆகிறான் என்பது நமக்குப் பிடிபடுகிறது. டெசர்ட் பஸ்ஸின் அலுப்பு ஒரு கேலி, அந்தக் கேலி பலிக்க எட்டு மணி நேரமும் தேவை.

சிட் மையர் என்ற புகழ்பெற்ற கேம் வடிவமைப்பாளர், சுவையான முடிவுகளை அடுத்தடுத்து எடுக்கவைப்பதே ஆட்டம் என்பார். அந்த அளவுகோலில் நம் பரமபதம் தேறவே தேறாது. அதில் ஆடுகிறவர் எடுக்கும் முடிவு ஒன்றுகூடக் கிடையாது. தாயம் சொல்கிற இடத்துக்குக் காய் போகும், பாம்பு கொத்தினால் இறங்கும். ஆனாலும் வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க அதை விரித்து உட்கார்ந்தவர்கள், மேலே வந்தவன் கடைசிக் கட்டத்தில் சறுக்கி விழுவதைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாக எதையோ புரிந்துகொண்டார்கள். மூன்று புலியும் பதினைந்து ஆடும் மோதும் ஆடுபுலி ஆட்டம் முழுக்க முழுக்க மூளை வேலை. இரண்டையும் ஒரே திண்ணையில் வைத்து ஆடிய ஊர் இது. எது நல்ல ஆட்டம் என்று அவர்கள் ஒரே கோல் வைத்து அளக்கவில்லை.

தூத்துக்குடி, கோவில்பட்டிப் பக்கத்துக் கல்லூரிகளில் கணினி படிக்கும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சலாபத்தை ஒரு ஆட்டமாகச் செய்யுங்கள். இரண்டு பேர் ஆடட்டும்: ஒருவர் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கிக் குளிப்பவர், மற்றவர் மேலே கயிறு பிடிப்பவர். குளிப்பவருக்கு மூச்சு ஒரு நிமிடம் சொச்சம்; அதற்குள் கடலடிப் பாரில் தடவி, சிப்பியைக் கூடையில் போட வேண்டும். கயிறு பிடிப்பவருக்குப் பெரும்பாலும் காத்திருப்பதுதான் வேலை, அதை அப்படியே வையுங்கள். கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள், தங்கை தாலியை அவன் அறுக்க மாட்டான் என்று சொல்வார்களே, அதையும் சேருங்கள். சுறாவைக் கட்ட மந்திரம் போட்ட கடல்கட்டி, மூன்று குவியல், திறக்காத சிப்பி எல்லாம் வரட்டும். படிக்க வேண்டியது புத்தகத்தில் கொஞ்சம்தான் இருக்கிறது. 1961 சலாபத்தில் குளித்த இளைஞர்களில் இன்று இருப்பவர்களுக்கு எண்பது வயது தாண்டியிருக்கும். கோடு எழுத உட்காரும் முன் அவர்களிடம் போய்க் கேளுங்கள்.